பத்து வருட வேலை அனுபவம் பட்டத்தில் சேருமா? முன்கற்றல் அங்கீகாரம் பற்றி ஓர் எளிய விளக்கம்

"பத்து வருசம் ஒரு வேலையைச் செய்திருந்தால் கம்பஸில் பாதிப் படிப்பைக் கழிச்சு விடுவினமாம்." கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. பிரான்சிலோ கனடாவிலோ இருக்கும் சொந்தக்காரர் தொலைபேசியில் சொன்னது பாதி, முகநூல் விளம்பரத்தில் பார்த்தது பாதி. சிலர் உடனே நம்பிக் காசைக் கட்டிவிடுகிறார்கள். சிலர் "உதெல்லாம் சும்மா கதை" என்று தள்ளிவிடுகிறார்கள். இரண்டு பேரும் நட்டப்படுகிறார்கள்.

வன்னியில் இதைச் சரியாக விளங்கிக்கொள்வது மற்ற இடங்களைவிட முக்கியம். இடம்பெயர்வு மேல் இடம்பெயர்வாக, சாதாரண தரத்தோடோ உயர்தரத்துக்கு நடுவிலோ படிப்பு அறுந்துபோனவர்கள் இங்கே ஏராளம். அவர்கள் அதற்குப் பிறகு சும்மா இருக்கவில்லை. கராஜில், கட்டட வேலையில், முன்பள்ளியில், சங்கக் கணக்கில், கண்ணிவெடி அகற்றும் களத்தில் நிறையக் கற்றிருக்கிறார்கள். அந்தக் கற்றலுக்கு ஒரு பெறுமதி உண்டு. அதை எப்படி அளக்கிறார்கள் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

முதலில் நெல்லைப் பார்ப்போம்

அறுவடை முடிந்து நெல்லை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி நெல் சந்தைப்படுத்தும் சபையின் களஞ்சியத்துக்குக் கொண்டுபோகிறீர்கள். அங்கே இருப்பவர் மூட்டையில் குத்தி ஒரு பிடி நெல்லை எடுத்து, ஈரப்பதன் பார்க்கும் கருவியில் போடுவார். 14 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் "காயவைத்துக்கொண்டு வாங்கோ" என்பார். பிறகு பதர் பார்ப்பார், நிறுப்பார். நீங்கள் எத்தனை இரவு வாய்க்காலில் தண்ணீர் மறித்தீர்கள், யானைக்குக் காவல் இருந்தீர்கள் என்று அவர் கேட்பதில்லை. பட்ட பாட்டை அவர் மதிக்கவில்லை என்று இதற்குப் பொருளில்லை. அவர் வாங்குவது நெல்லை. ஆகவே அவரால் அளக்க முடிந்ததும் நெல்லை மட்டும்தான்.

முன்கற்றல் அங்கீகாரமும் இப்படித்தான் நடக்கிறது. வகுப்பறைக்கு வெளியே, வேலையிலோ வாழ்க்கையிலோ ஒருவர் ஏற்கெனவே கற்றதை ஒரு கல்வி நிறுவனம் சோதித்துப் பார்த்து, அதைத் தன் கற்கைநெறியின் ஒரு பகுதிக்குச் சமமாக ஏற்றுக்கொள்வதற்குத்தான் இந்தப் பெயர். நெல்லுக்கு வயல் எப்படியோ, கற்றலுக்கு அனுபவம் அப்படி. வயல் இல்லாமல் நெல் இல்லை, ஆனால் களஞ்சியத்துக்குப் போவது வயல் அல்ல. ஒரே காலபோகத்தில் ஒரே குளத்துத் தண்ணீரில் செய்த இரண்டு வயல்களில் ஒன்று நன்றாக விளையும், மற்றது விளையாது. பத்து வருடம் ஒரே வேலையைச் செய்த இரண்டு பேர் கற்றதும் ஒரே அளவாக இருக்காது.

சரி, இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: அங்கீகாரம் கிடைப்பது வேலை செய்த காலத்துக்கு இல்லை. அந்தக் காலத்தில் கற்று, இன்று காட்டக்கூடியதாக உங்களிடம் இருப்பதற்கு.

கிரெடிட் என்பது என்ன அளவு?

படிப்பின் கனத்தை அளக்கும் அலகு கிரெடிட். இலங்கையில் இதற்கு ஒரு பொது விதி இருக்கிறது. 2012இல் வெளியாகி 2015இல் திருத்தப்பட்ட இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பு, சாதாரண தரம் தொடங்கிக் கலாநிதிப் பட்டம் வரை எல்லாத் தகைமைகளையும் 12 நிலைகளில் அடுக்குகிறது. அதன்படி ஒரு சராசரி மாணவருக்கு 50 மணி நேரக் கற்றல் தேவைப்படும் பாடம் ஒரு கிரெடிட். விரிவுரை, செய்முறை, வீட்டிலிருந்து படிப்பது, பரீட்சை எல்லாம் சேர்த்துத்தான் அந்த 50 மணி. மூன்று வருடப் பொதுப் பட்டத்துக்குக் குறைந்தது 90 கிரெடிட் வேண்டும், நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120. மூன்று கிரெடிட் கொண்ட ஒரு பாட அலகு என்றால் 150 மணி நேரக் கற்றல்.

குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. "நான் வருடத்துக்கு 2,000 மணி நேரம் வேலை செய்கிறேன். பத்து வருடத்தில் 20,000 மணி. 50ஆல் பிரித்தால் 400 கிரெடிட். மூன்று பட்டத்துக்கு மேல் வருகிறதே!" பெருக்கலும் பிரித்தலும் சரிதான். ஆனால் அந்த 50 மணி கற்றலுக்கானது, வேலைக்கானது அல்ல. மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிப் பூட்டக் கற்றுக்கொள்வது ஒருமுறைதான். அதற்குப் பிறகு அதே வேலையை ஆயிரம் தடவை செய்யும்போது கை வேகம் கூடும், சம்பளம் கிடைக்கும், புதிய கற்றல் கொஞ்சம்தான் சேரும். என்ஜின் ஏன் சூட்டில் மட்டும் நிற்கிறது என்று தெரியாமல் இரண்டு நாள் மண்டையை உடைத்து, கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தீர்களே, அந்த இரண்டு நாளில் கற்றது அந்த ஆயிரம் தடவையைவிடக் கூடுதலாக இருக்கலாம்.

எதோடு ஒப்பிடுகிறார்கள்?

ஒவ்வொரு பாட அலகுக்கும் "இதை முடித்தவருக்கு இன்னின்ன செய்யத் தெரிய வேண்டும்" என்று ஒரு பட்டியல் எழுதி வைத்திருப்பார்கள். அந்தப் பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஒரு கற்றற்பேறு. மதிப்பீட்டாளர் உங்கள் வாழ்க்கை வரலாற்றை வாசித்து மனம் உருகப் போவதில்லை. அந்த வரிகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது இவருக்குத் தெரியுமா, ஆதாரம் எங்கே என்றுதான் பார்ப்பார்.

கற்பனையாக ஒருவரை எடுத்துக்கொள்வோம். புதுக்குடியிருப்புப் பக்கத்தில் ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் பொருளாளர். உயர்தரம் எழுதவில்லை. எட்டு வருடமாகச் சங்கத்தின் கணக்கையும் சுழற்சிக் கடனையும் பார்க்கிறார். ஒரு டிப்ளோமாவில் அடிப்படைக் கணக்கியல் என்ற அலகுக்கு அவர் அங்கீகாரம் கேட்கிறார் என்று வைப்போம். அந்த அலகின் கற்றற்பேறுகள் ஐந்து: காசேடு எழுதுதல், வங்கி இணக்கக் கூற்று தயாரித்தல், இரட்டைப் பதிவு முறையில் பேரேடு எழுதுதல், பரீட்சை மீதி எடுத்தல், பெறுமானத் தேய்வு கணித்தல்.

விண்ணப்பத்தில் அவர் முதலில் எழுதுவது இப்படித்தான் இருக்கும்: "எட்டு வருடமாக நேர்மையாகப் பொருளாளராகக் கடமையாற்றுகிறேன்." இந்த வசனத்துக்கு மரியாதை கிடைக்கும், கிரெடிட் கிடைக்காது. அதில் அனுபவம் இருக்கிறது, கற்றல் வெளியே தெரியவில்லை.

அவரிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் வேறு ஒன்று வெளியே வரும். ஒரு மாத முடிவில் காசேட்டில் மீதி 48,500 ரூபா. வங்கிக் கூற்றில் 61,000 ரூபா. 12,500 ரூபா கூட நிற்கிறது. தலைவி பயந்துபோனார். பொருளாளர், சங்கம் கொடுத்த காசோலைகளின் விபரத்தை எல்லாம் எடுத்து வங்கிக் கூற்றோடு ஒன்றுக்கு ஒன்று சரிபார்த்தார். கச்சான் விதை வாங்கிய கடைக்கு மாதக் கடைசியில் கொடுத்த 12,500 ரூபாக் காசோலையைக் கடைக்காரர் இன்னும் வங்கியில் போடவில்லை. சங்கப் புத்தகத்தில் காசு கழிந்துவிட்டது, வங்கியில் கழியவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் மாற்றப்படாத காசோலைகளைத் தனியாக ஒரு தாளில் எழுதி, இரண்டு மீதிகளையும் பொருத்திப் பார்ப்பதை அவர் வழக்கமாக்கிக்கொண்டார்.

கணக்கியல் பாடத்தில் வங்கி இணக்கக் கூற்று என்று படிப்பிப்பது இதைத்தான். அவருக்கு அந்தப் பெயர் தெரியாமல் இருக்கலாம், விஷயம் தெரியும். அந்த மாதாந்தத் தாள்கள் அவரிடம் இருந்தால் அவையே ஆதாரம். மதிப்பீட்டாளர் புதிதாக ஒரு வங்கிக் கூற்றைக் கொடுத்து "இதைப் பொருத்துங்கோ" என்றாலும் அவர் செய்துவிடுவார்.

ஆனால் சங்கத்தின் தண்ணீர்ப் பம்பியின் பெறுமதி வருடா வருடம் புத்தகத்தில் எப்படிக் குறைய வேண்டும் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. அதைச் செய்யவேண்டிய தேவை வரவில்லை. இரட்டைப் பதிவும் அப்படியே. ஆக ஐந்து பேறுகளில் காசேடும் வங்கி இணக்கமும் கைவசம், மற்ற மூன்றும் படிக்க வேண்டியவை. சில நிறுவனங்களில் இந்த இரண்டுக்கு மட்டும் பகுதி அங்கீகாரம் தருவார்கள். சில இடங்களில் முழு அலகுக்கும் காட்டினால்தான் கிரெடிட். எது என்று விண்ணப்பிக்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். எப்படியானாலும் அவருக்கு இனி எதைப் படிக்க வேண்டும் என்று துல்லியமாகத் தெரிந்துவிட்டது. அதையே நான் பெரிய இலாபமாகப் பார்க்கிறேன்.

சுருக்கமாக: உங்கள் அனுபவத்தை மொத்தமாக நிறுப்பதில்லை. பாடத்தின் கற்றற்பேறுகளை வரி வரியாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் கேட்கிறார்கள்.

ஆதாரத்தை எப்படிக் காட்டுவது?

பெரும்பாலான நாடுகளில் ஆதாரக் கோப்பு ஒன்று கேட்பார்கள். நீங்கள் கற்றதை நிரூபிக்கும் கடிதங்கள், படங்கள், செய்த வேலையின் மாதிரிகள், பயிற்சிச் சான்றுகள், ஒவ்வொன்றிலும் என்ன கற்றீர்கள் என்ற உங்கள் சொந்த விளக்கம் எல்லாம் ஒழுங்காக அடுக்கிய கோப்பு அது. அதற்கு மேல் நேர்முகம் வைப்பார்கள். கைத்தொழில் என்றால் கண்முன்னே செய்துகாட்டச் சொல்வார்கள். சில பாடங்களுக்கு வகுப்புக்குப் போகாமலே அந்தப் பாடத்தின் பரீட்சையை எழுதிச் சித்தியடைய விடுவார்கள்.

"எங்களிட்டக் கடதாசி ஒண்டும் இல்லையே, எல்லாம் 2009இல் போச்சுது" என்று பலர் இந்த இடத்திலேயே எழுந்து போய்விடுகிறார்கள். தயவுசெய்து எழுந்து போகாதீர்கள். பழைய பாடசாலைப் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களத்தில் மீளப் பெறலாம். மற்றக் கடதாசிகள் போயிருந்தாலும் செய்துகாட்டுவதும் பரீட்சை எழுதுவதும் பழைய கடதாசியில் தங்கியவை அல்ல. மேசன் ஒருவர் மட்டமும் தூக்குக்குண்டும் பிடித்து, மூலை மட்டம் சரியாக நிற்கும்படி ஒரு சுவர் கட்டிக் காட்டினால் அந்தச் சுவரைவிடப் பெரிய சான்றிதழ் தேவையில்லை. முன்பு யாரிடம் வேலை செய்தீர்களோ அவரிடம் இன்று கடிதம் வாங்கலாம். "நல்ல பிள்ளை, ஒழுங்காக வேலை செய்தவர்" என்ற கடிதத்தால் பிரயோசனம் குறைவு. என்னென்ன வேலையைத் தனியாகப் பொறுப்பெடுத்துச் செய்தீர்கள் என்று அதில் எழுதியிருக்க வேண்டும்.

மூன்று வேறு விஷயங்கள், ஒரே பேச்சில்

ஊரில் இதைப் பற்றிப் பேசும்போது மூன்று விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. முதலாவது அனுமதி: வழக்கமான தகைமை இல்லாதவரை அனுபவத்தைப் பார்த்துக் கற்கைநெறிக்குள் எடுப்பது. உள்ளே போனபின் எல்லாப் பாடமும் படிக்க வேண்டும். இரண்டாவது கிரெடிட்: உள்ளே போனவருக்குச் சில பாடங்களைக் கழித்து விடுவது. மூன்றாவது கிரெடிட் மாற்றம்: ஒரு நிறுவனத்தில் படித்துச் சித்தியடைந்த பாடத்தை இன்னொரு நிறுவனம் ஏற்பது. கடைசி ஒன்றுக்கும் வேலை அனுபவத்துக்கும் தொடர்பே இல்லை. மலேசியாவில் முதல் இரண்டையும் வேறு வேறு திட்டமாகவே வைத்திருக்கிறார்கள்.

வெளிநாட்டுச் சொந்தக்காரர் சொல்வது பொய்யில்லை, அவர் இருக்கும் நாட்டின் விதி அது, அவ்வளவுதான். பிரான்சில் 2002 ஜனவரியில் வந்த ஒரு சட்டத்தின்படி, நடுவர் குழு திருப்திப்பட்டால் அனுபவத்தைக் கொண்டே முழுத் தகைமையையும் பெறலாம். பாரிஸ் லா சப்பலில் இருக்கும் மச்சான் சொன்னது அதுவாக இருக்கும். கனடாவில் பல கல்லூரிகள் தனித்தனிப் பாடங்களுக்கு இப்படி மதிப்பீடு செய்கின்றன. அமெரிக்காவில் இதன் வேர் இரண்டாம் உலகப் போர் வரை போகிறது. போர்க்காலத்தில் படையில் கற்ற தொழில்நுட்பத்தை ஊர் திரும்பியவர்கள் கல்லூரியில் மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டுமா என்ற கேள்வியில்தான் அங்கே இந்த மதிப்பீடு பரவியது. வன்னியில் வாழ்பவருக்கு அந்தக் கேள்வியின் பாரத்தை விளக்கத் தேவையில்லை.

வன்னியில் இருப்பவருக்கு எந்தக் கதவு?

இலங்கையில் அரச பல்கலைக்கழகங்களின் வழக்கமான அனுமதி உயர்தர இசட் புள்ளியில்தான். வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கோ, அறிவியல் நகரில் இருக்கும் யாழ். பல்கலைக்கழகப் பீடங்களுக்கோ போய் "எனக்குப் பதினைந்து வருட அனுபவம்" என்று சொன்னால் முதல் பட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். அதோடு கதை முடிந்தது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பக்கத்தில் இன்னொரு கதவு உண்டு.

அதன் பெயர் தேசிய தொழில் தகைமை. ஊரில் என்.வி.கியூ. என்பார்கள். ஏழு நிலைகள் கொண்டது. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5உம் 6உம் டிப்ளோமா, 7 பட்டம். இதை நிர்வகிப்பது மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. இதில் முன்கற்றல் அங்கீகாரம் காகிதத்தில் மட்டும் இருக்கும் கொள்கை அல்ல, நடைமுறையில் இருப்பது. நைட்டா என்று அழைக்கப்படும் தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை, தொழிற்பயிற்சி அதிகாரசபை போன்ற நிறுவனங்கள் ஊடாக விண்ணப்பிக்கலாம். பதிவுபெற்ற மதிப்பீட்டாளர்கள், அந்தத் தொழிலுக்கென்று எழுதப்பட்ட தேசிய தேர்ச்சி நியமத்தை வைத்து உங்களைச் சோதிப்பார்கள். தேர்ச்சி என்றால், பயிற்சி நிலையத்தில் படித்தவருக்குக் கிடைக்கும் அதே சான்றிதழ். அனுபவத்தால் வந்தது என்பதற்காக அதன் பெறுமதி குறையாது.

இந்த வழியில் பெரும்பாலும் 3ஆம், 4ஆம் நிலைச் சான்றிதழ்களைத்தான் எடுக்கிறார்கள். "4ஆம் நிலைச் சான்றிதழை வைத்து என்ன செய்வது?" என்று கேட்டால், அது ஒரு படி. அந்தத் துறையில் 4ஆம் நிலை இருந்தால் உயர்தரம் இல்லாமலே டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனம் வன்னிக்கு உள்ளேயே இருக்கிறது. டிப்ளோமா முடித்தவர் பட்டத்துக்குப் போவதற்கென்றே 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான பல்கலைக்கழகம் ஒன்று இரத்மலானையில் உண்டு. யுனிவொடெக் என்று அழைப்பார்கள். என்.வி.கியூ. 7 ஒரு பட்டம்தான். இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பும் அதைப் பட்ட நிலையோடு பொருத்தித்தான் வைத்திருக்கிறது.

தொழில்நுட்பம் வேண்டாம், சமூகவியலோ சட்டமோ கல்வியோ படிக்க ஆசை என்பவர்களுக்கு 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. உயர்தரம் இல்லாதவர்கள் அதன் அடிப்படைப் பாடநெறியை முடித்து மேலே போகலாம். அது அனுமதிக்கான வழி, கிரெடிட்டுக்கானது இல்லை.

இந்தப் பகுதியின் சாரம்: இலங்கையில் அனுபவம் நேராகப் பட்டமாக மாறுவதில்லை. அனுபவத்தால் 4ஆம் நிலைச் சான்றிதழ் வரை ஏறலாம். அங்கிருந்து பட்டம் வரை ஏணி இருக்கிறது, அந்தப் படிகளைப் படித்துத்தான் ஏற வேண்டும்.

காசுக்கு வரும் பட்டம்

"உங்கள் வாழ்க்கை அனுபவத்துக்குக் கௌரவப் பட்டம், இரண்டு கிழமையில் வீட்டுக்கு வரும்." இந்த விளம்பரங்கள் முன்கற்றல் அங்கீகாரத்தின் பெயரைக் கெடுக்கின்றன. அடையாளம் காண்பது சுலபம். உண்மையான நிறுவனம் ஆதாரம் கேட்கும், சோதிக்கும், சில பகுதிகளை "இன்னும் தேர்ச்சியில்லை" என்று திருப்பியும் அனுப்பும். பொய்யான நிறுவனம் காசை மட்டும் கேட்கும், யாரையும் திருப்பி அனுப்பாது. பட்டம் என்றால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்று பாருங்கள். தொழிற்பயிற்சி என்றால் மேலே சொன்ன தொழிற்கல்வி ஆணைக்குழுவில் அந்த நிறுவனம் பதிவு செய்திருக்கிறதா என்று பாருங்கள். கடன் வாங்கிக் காசு கட்டும் முன் பாருங்கள்.

கண்ணிவெடி அகற்றுபவர்களுக்கு ஒரு வார்த்தை

இதை எழுதும்போது என் மனதில் அதிகம் இருப்பவர்கள் இவர்கள்தான். கண்ணிவெடித் தடைச் சாசனத்தில் இலங்கை 2017இல் சேர்ந்தது. அதன்படி நிலத்தைத் துப்புரவாக்க வேண்டிய கெடு 2028 ஜூன். வேலை முடிய வேண்டும், அது நல்ல செய்தி. ஆனால் அந்தக் களத்தில் நிற்கும் பெண்களும் ஆண்களும், பலர் குடும்பத்தைத் தனியாகத் தாங்குபவர்கள், அதோடு வேலையை இழப்பார்கள்.

அவர்கள் கற்றதைப் பாருங்கள். காயப்பட்டவருக்கு முதலுதவி, நிலத்தை அளந்து வரைபடத்தில் குறித்தல், கருவிகளைத் தினமும் சோதித்துப் பதிவு எழுதுதல், பாதுகாப்பு நடைமுறையை ஒரு படி தவறாமல் பின்பற்றுதல், பிரிவுத் தலைவர் என்றால் ஆட்களை வழிநடத்துதல். கண்ணிவெடி அகற்றல் என்ற பெயரில் ஒரு பாட அலகு கிடைப்பது கடினம். ஆனால் முதலுதவி, வேலைத்தளப் பாதுகாப்பு, நில அளவை உதவி, மேற்பார்வை என்று பிரித்துப் போட்டால் ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் கற்றற்பேறுகள் வேறு வேறு கற்கைநெறிகளில் இருக்கக்கூடும். அப்படிப் பிரித்து எழுதுவது கொஞ்சம் சிரமமான வேலை. படித்த தம்பி தங்கை யாராவது பக்கத்தில் இருந்து உதவலாம்.

ஆதாரத்தை இப்போதே சேர்க்க வேண்டும். பயிற்சிப் பதிவுகள், ஒவ்வொரு வருடமும் செய்த புத்தாக்கப் பயிற்சியின் திகதிகள், எந்தப் பொறுப்பில் எவ்வளவு காலம் என்ற விபரம் எல்லாம் நிறுவனத்தின் அலுவலகத்தில் இருக்கின்றன. திட்டம் முடிந்து அலுவலகம் மூடப்பட்டால் கேட்பதற்கு ஆள் இருக்காது. வேலையில் இருக்கும்போதே பயிற்சிப் பதிவின் பிரதியையும், செய்த வேலைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடும் கடிதத்தையும் கேட்டு வாங்கி, படம் எடுத்துத் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கிட்டிய நைட்டா அலுவலகத்துக்குப் போய், "என் வேலைக்குப் பொருந்தும் தேர்ச்சி நியமம் எது, அதைப் பார்க்கத் தர முடியுமா?" என்று கேளுங்கள்.